இயர்பட்டில் சார்ஜ் ஏறவில்லையா? எறிவதற்கு முன் இதை வாசியுங்கள்

நானா கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று ஒரு சோடி இயர்பட் கொண்டு வந்தார். வயர் இல்லாதது. கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி; அதற்குள் இரண்டு பலாக்கொட்டைகள் போல் கருவிகள் இரண்டும் கிடந்தன. எங்கள் வீட்டில் அறைகள் இரண்டுதான். இரவில் ஓர் அறையில் தம்பிமார் சத்தம் போட்டுப் பாடம் படிப்பார்கள். மற்ற அறையில் உம்மும்மா நேரத்தோடு படுத்துவிடுவார். ஆகவே சூம் வகுப்புகளையும், ஆசிரியர்கள் அனுப்பும் பாடப் பதிவுகளையும் நான் கேட்டு வந்தது அந்த இயர்பட்டில்தான்.

உயர்தரப் பரீட்சைக்கு ஆறு வாரங்கள் இருக்கும்போது அது சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. வாப்பா தவணை முறையில் எடுத்திருந்த புதிய போனில் பழைய வயர் இயர்போனைக் குத்துவதற்குத் துவாரமும் இல்லை. வாசற்படியில் இருந்து, போனைக் காதோடு அணைத்து மெதுவான சத்தத்தில் பாடம் கேட்டேன். அப்படியே மூன்று வாரங்கள் போய்விட்டன. நகரத்தில் ஒரு கடையில் காட்டியபோது, இருந்த வயரில் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு, "பற்றரி செத்துப்போச்சு, திருத்தேலாது. புதுசு எடுங்கோ" என்றார்கள். புதியதன் விலை 8,500 ரூபாய்.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. "படிப்புக்குத்தானே மகள், எடுப்பம்" என்றார் உம்மா. அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். மாரிக்கு முன் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது.

வாப்பா மரக்கறி வியாபாரி. விடியப்புறத்தில் ஓட்டோவை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போய் மரக்கறி எடுத்து வருவார். அடுத்த நாள் அங்கிருந்து வந்தவர், "சந்தைக்குக் கிட்ட ஒரு பழைய ரேடியோ திருத்துற ஐயா இருக்கிறார். எறியிறதுக்கு முன்னம் ஒருக்காக் காட்டிப் பாப்பம்" என்றார். சனிக்கிழமை நானும் கூடப் போனேன். நான் போவதை அறிந்து, 10ஆம் தரத்தில் படிக்கும் சாச்சியின் மகளும் சார்ஜ் நிற்காத தன் இயர்பட்டைத் தந்துவிட்டிருந்தாள்.

அன்று காலை அந்தச் சிறிய கடையில் கற்றதையும், அதன் பிறகு நான் தேடி வாசித்து விளங்கிக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் கல்லூரியில் இயர்பட் வைத்திருக்கும் பிள்ளைகள் பலர். அவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கவலைப்படும் பெற்றோரும் பலர். இரு சாராருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

பஸ் எங்கே நின்றுவிட்டது?

ஐயா பெட்டியைத் திறந்து பார்க்கவேயில்லை. என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: "வீட்டிலை எந்த வயரிலை குத்தினனீங்கள், பிள்ளை?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. "யாழ்ப்பாணத்திலையிருந்து வாற பஸ் மருதனார்மடத்துக்கு வரேல்லை எண்டால், மருதனார்மடத்திலை பிழை எண்டு சொல்லுவீங்களே? அது தட்டாதெருவிலை நிண்டிருக்கலாம். கொக்குவிலிலை, தாவடியிலை, இணுவிலிலை நிண்டிருக்கலாம். வழியைப் பாத்துக்கொண்டு வரவேணும்."

இயர்பட்டுக்கும் மின்சாரம் அப்படித்தான் வருகிறது. சுவர்ப் பிளக்கில் 230 வோல்ற்று ஆடலோட்டம். அதைச் சார்ஜரின் அடப்டர் 5 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுகிறது. அது வயர் வழியாகப் பெட்டியின் துவாரத்துக்கு வந்து, பெட்டிக்குள் இருக்கும் பற்றரியில் சேமிக்கப்படுகிறது. பெட்டிக்குள் ஒவ்வொரு குழியின் அடியிலும் சிறிய உலோக ஊசிகள் உள்ளன. இயர்பட்டின் அடியிலுள்ள உலோகப் புள்ளிகள் அந்த ஊசிகளில் முட்டும்போது, பெட்டியின் பற்றரியிலிருந்து இயர்பட்டின் பற்றரிக்கு மின் ஏறுகிறது.

ஆகவே ஒரு சோடி இயர்பட் என்றால் பற்றரி மூன்று: பெட்டியில் ஒன்று, இயர்பட்டுகளில் இரண்டு. போனின் பற்றரி பொதுவாக 4,000 முதல் 5,000 மில்லி அம்பியர் மணி கொள்ளும். பெட்டியினுடையது பெரும்பாலும் 300 முதல் 600. ஒவ்வோர் இயர்பட்டிலும் இருப்பது 30 முதல் 60 அளவுதான். இவ்வளவு சிறியவை என்பதால் வழியில் ஏற்படும் சின்னத் தடையும் இவற்றுக்குப் பெரிதாகிவிடுகிறது.

இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இரண்டு இயர்பட்டும் ஏறவில்லை, பெட்டியிலும் வெளிச்சம் இல்லை என்றால், பிழை பெட்டியிலோ அதற்கு முன்னரோ இருக்கிறது. ஒன்று ஏறுகிறது, மற்றது ஏறவில்லை என்றால் சுவர், சார்ஜர், வயர் எல்லாம் சரி. பிழை அந்த ஒரு குழியிலோ அந்த ஒரு இயர்பட்டிலோதான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது தரிப்பு: வயரும் சார்ஜரும்

என் இயர்பட் நின்றுபோன நாளை நினைத்துப் பார்த்தேன். வாப்பாவின் புதிய போன் வந்த கிழமை அது. பழைய சார்ஜரை மாமி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, புதிய போனோடு வந்த சார்ஜரில்தான் பெட்டியைக் குத்தி வந்தேன். அந்தப் புதிய வயரின் இரண்டு முனைகளும் ஒரே மாதிரி நீள்வட்டமாக, சீ வகையாக இருக்கும். பழைய வயரில் ஒரு முனை அகலமான சதுரமாக, ஏ வகையாக இருந்தது.

இது வெறும் வடிவ வேறுபாடு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. அகலமான ஏ வகைச் சார்ஜர் எப்போதும் 5 வோல்ற்றை வெளியே வைத்திருக்கும். குழாயைத் திறந்துவிட்ட தண்ணீர்த் தாங்கி போல. சீ வகைச் சார்ஜர், கதவைத் தட்டினால் மட்டும் திறக்கும் கடைக்காரர் போன்றது. எதிர்ப் பக்கத்தில் ஒரு கருவி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அந்தக் கருவிக்குள் 5,100 ஓம் தடையிகள் இரண்டு உரிய இடத்தில் இருந்தால்தான், "ஆள் இருக்கிறது" என்று விளங்கிக்கொண்டு மின்னை விடும். மலிவாகச் செய்யப்படும் சில பெட்டிகளில் அந்தச் சிறிய தடையிகளை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படியான பெட்டி, இரு பக்கமும் சீ வகையான வயரில் ஒருபோதும் ஏறாது. ஏ முனை கொண்ட பழைய வயரில் ஒழுங்காக ஏறும். பெட்டியில் பழுது எதுவும் இல்லாமலே அது செத்துவிட்டது போலத் தோன்றும்.

என் பெட்டிக்கு நடந்தது இதுதான். நகரத்துக் கடையிலும் அதே மாதிரி வயரில்தான் குத்திப் பார்த்திருக்கிறார்கள். பௌதிகவியல் பாடத்தில் ஓமின் விதியை வைத்து எத்தனை கணக்குகள் செய்திருப்பேன்! இரண்டு தடையிகள் என் மேசையில் மூன்று வாரங்களாக வைத்த கணக்கை மட்டும் நான் செய்யவில்லை.

வேறு சார்ஜர், வேறு வயர், வேறு பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பிழை என்று தெரியாமல் போகும். அதே வயரில் போன் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஆனால் போன் ஏறுவதை மட்டும் வைத்து, "வயரில் பிழையில்லை" என்று முடிவு செய்துவிட வேண்டாம். அந்த வயரில் என் வாப்பாவின் போன் நன்றாகத்தான் ஏறியது.

பவர் பாங்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் நினைவிருக்கும். அப்போதிருந்து பல வீடுகளில் பவர் பாங்க் ஒன்று இருக்கிறது. பல பவர் பாங்குகள், தம்மிடமிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் மிகவும் குறைந்தால், ஒன்றும் குத்தப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு தாமாகவே அணைந்துவிடும். இயர்பட் பெட்டி எடுப்பதோ மிகக் குறைந்த மின்னோட்டம். இரவு குத்திவிட்டுப் படுத்தால் காலையில் பெட்டி காலியாகவே கிடக்கும். அப்படியானால் சுவர்ப் பிளக்கில் ஏற்றுங்கள்.

இரண்டாவது தரிப்பு: பெட்டியின் துவாரம்

பாடசாலைப் பையின் அடியில் கிடக்கும் பெட்டியின் துவாரத்துக்குள் நூல், பஞ்சு, பென்சில் தூள் எல்லாம் போய் அடையும். ஒவ்வொரு தடவை வயரைக் குத்தும்போதும் அது உள்ளே இறுகும். வயர் முழுதாக உள்ளே போகாமல் ஆடிக்கொண்டிருந்தால் இதுதான் காரணம். வயரைக் கழற்றிவிட்டு, மரத்தாலான பல்லுக்குத்தும் குச்சியால் ஓரமாக மெதுவாக எடுத்துவிடுங்கள்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நம் கைக்கு எப்போதும் எட்டுவது பர்தாவுக்குக் குத்தும் ஊசி. எதையாவது சுரண்ட வேண்டுமென்றால் உடனே அதைத்தான் கழற்றுகிறோம். இரும்பு ஊசியை மின் வரும் துவாரத்துக்குள் விட்டால் உள்ளே உள்ள மெல்லிய தகடுகள் வளையும். இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று முட்டிக் குறுஞ்சுற்று ஏற்படவும் கூடும். இன்னுமொன்று: பெட்டிக்குள்ளும் இயர்பட்டுக்குள்ளும் காந்தங்கள் இருக்கின்றன. பைக்குள் சிந்திக் கிடக்கும் ஊசியையும், ஸ்ரேப்ளர் கம்பியையும் அவை இழுத்து எடுத்துக்கொள்ளும். ஐயா என் பெட்டியின் வலது குழியிலிருந்து ஒரு சிறிய ஸ்ரேப்ளர் கம்பித் துண்டை எடுத்துக் காட்டியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது தரிப்பு: பட்டினி கிடந்த பற்றரி

ஐயா தன்னிடமிருந்த ஏ முனை வயரில் என் பெட்டியைக் குத்தினார். வெளிச்சம் வரவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் வேறு வேலை பார்க்கத் தொடங்கினார். "பொறுங்கோ பிள்ளை. மூண்டு கிழமை பட்டினி கிடந்தது உடனை எழும்பாது" என்றார்.

இலிதியம் அயன் பற்றரி முழுதாக ஏறியிருக்கும்போது அதன் வோல்ற்றளவு 4.2. பாவிக்கப் பாவிக்க அது இறங்கும். ஏறக்குறைய 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் பற்றரி கெடத் தொடங்கும் என்பதால், அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று வெளியே போகும் வழியை மூடிவிடும். அந்த நிலையில் திரும்ப ஏற்றும்போது, சார்ஜ் செய்யும் சில்லு முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் விடும். நோயாளிக்குக் கஞ்சி பருக்குவது போல. வோல்ற்றளவு ஓரளவு உயர்ந்த பிறகுதான் வெளிச்சம் எரியும், முழு வேகத்தில் ஏறும். ஆகவே நீண்ட நாள் கிடந்த பெட்டியைக் குத்தி இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குறைந்தது அரை மணித்தியாலம், கண் பார்வையில் வைத்திருந்து பொறுத்துப் பாருங்கள்.

இருபது நிமிடங்கள் போயிருக்கும். பெட்டியில் சிவப்பு வெளிச்சம் ஒன்று மினுங்கியது. வாப்பா என்னைப் பார்த்தார். நான் ஓட்டுக் காசை நினைத்துக்கொண்டேன்.

நான்காவது தரிப்பு: ஊசியும் புள்ளியும்

பெட்டி உயிர்பெற்றாலும் இடது பக்க இயர்பட் ஏறவில்லை. அது முன்பிருந்தே அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடும். "பெட்டிக்குள்ளை வைச்ச பிறகும் போனிலை 'கனெக்டட்' எண்டு காட்டுதோ?" என்று கேட்டார். ஆம், பல தடவை காட்டியிருக்கிறது. அதை நான் புளூடூத்தின் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அது மிக நல்ல அடையாளம். இயர்பட் குழிக்குள் வைக்கப்பட்டதும், ஊசிகளில் வரும் மின்னை உணர்ந்துதான் "நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று தெரிந்து போனோடு உள்ள தொடர்பை விடுகிறது. உள்ளே வைத்த பிறகும் தொடர்பில் இருக்கிறதென்றால் ஊசியும் புள்ளியும் ஒழுங்காக முட்டவில்லை. அது சார்ஜ் ஏறவில்லை என்பது மட்டுமல்ல, உள்ளேயே இருந்துகொண்டு தன் சார்ஜையும் கரைத்துக்கொண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குத்தான். காதுக் குரும்பி, வியர்வை, தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்து உலோகப் புள்ளியின் மேல் மெல்லிய படையாகப் படியும். எண்ணெய் மின்னைக் கடத்தாது. வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தை அரித்துப் பச்சை நிறப் பூச்சை உண்டாக்கும். பர்தாவுக்குள் இயர்பட் போடும் நமக்குக் காற்றுப் படாததால் காது இன்னும் வியர்க்கும். வுழூச் செய்துவிட்டு ஈரக் காதில் அப்படியே போடுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். காதைத் துடைத்து உலர்த்திய பின் போடுங்கள். கழற்றியதும் உடனே பெட்டிக்குள் வைத்து மூடாமல், மென்மையான துணியால் துடைத்துச் சில நிமிடங்கள் காற்றில் விட்டு வையுங்கள்.

துப்புரவு செய்யும் முறை இதுதான். முதலில் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் புள்ளிகளையும் குழியின் அடியிலுள்ள ஊசிகளையும் துடையுங்கள். போகாவிட்டால், பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் பஞ்சை நனைத்து, பிழிந்துவிட்டுத் துடையுங்கள். சொட்ட விடக் கூடாது; சத்தம் வரும் வலைப் பகுதியில் படவும் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை சில. தண்ணீரால் கழுவ வேண்டாம். நம் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது உலோகப் புள்ளியிலும் படியும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கைச் சனிற்றைசரையும் பூச வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரீன் இருக்கும், அது பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொலோனும் அத்தரும் வேண்டவே வேண்டாம். ஊசியாலோ பிளேட்டாலோ சுரண்ட வேண்டாம். அந்தப் புள்ளிகளின் மேல் பெரும்பாலும் மிக மெல்லிய தங்க முலாம் பூசியிருக்கும். சுரண்டினால் முலாம் போய்விடும். பிறகு துரு பிடிப்பதைத் தடுக்க முடியாது. குழியிலுள்ள ஊசிகளுக்குக் கீழே நுண்ணிய சுருள் வில் இருக்கிறது. அழுத்தினால் அமிழ்ந்து, விட்டால் மேலே வர வேண்டும். ஒன்று அமிழ்ந்தபடியே நின்றால் அதுவும் காரணம். அதைத் திருத்துபவரிடம்தான் காட்ட வேண்டும்.

புதிதாக வாங்கியதென்றால் இன்னும் இரண்டைப் பாருங்கள். புள்ளிகளின் மேல் ஒட்டிய கண்ணாடித் தாள் கழற்றப்பட்டதா? காதுக்குப் போடும் ரப்பர் முனையை அளவில் பெரியதாக மாற்றினீர்களா? ரப்பர் பெரிதாக இருந்தால் இயர்பட் குழியில் முழுதாக அமராது. மூடியை மூடியபோது அது இறுக்கமாக நின்றால் அதுதான் பிழை.

எல்லாம் செய்தும் ஏறாவிட்டால், கடைசியாக மீளமைத்துப் பார்க்கலாம். பல பெட்டிகளில் ஒரு பொத்தானை 10 முதல் 15 செக்கன் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. பெட்டியோடு வந்த கடதாசியைப் பாருங்கள்.

என் இடது இயர்பட்டுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. ஐயா இரண்டு தடவை பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுப்பும் பச்சையுமாக வந்தது. அவ்வளவுதான்.

திருத்தக் கூடாதது

அடுத்து, சாச்சியின் மகளுடைய பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தவர் உடனே மேசையில் வைத்துவிட்டார். மூடி சரியாக மூடவில்லை. பெட்டியின் நடுப்பகுதி சற்றுப் புடைத்து, ஒட்டிய விளிம்பு பிரிந்திருந்தது. "இதைக் கடைசியா எங்கை வைச்சு ஏத்தினது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். அவள் தலையணைக்குப் பக்கத்தில், மெத்தையின் மேல் வைத்து இரவு முழுவதும் ஏற்றுவாள்.

"இதுக்கு நான் கை வைக்க மாட்டன். நீங்களும் வைக்காதேங்கோ" என்றார்.

பற்றரிக்குள் உள்ள இரசாயனங்கள் சிதைந்து வாயு உண்டாகும்போது அது வீங்குகிறது. வீங்கிய பற்றரியைத் திரும்ப ஏற்றினாலோ, குத்தினாலோ, அமத்தினாலோ தீப்பிடிக்கக் கூடும். அதற்குள் எரியக்கூடிய கரைப்பான் இருக்கிறது. தீ மிக விரைவாகப் பரவும். வரும் புகையும் நஞ்சு. பெட்டி சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ண வேண்டாம். தலையணைக்குத் தீ பிடிக்க அந்த அளவு போதும்.

வீக்கம், வழமைக்கு மாறான சூடு, இனிப்பான அல்லது இரசாயன வாடை, கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள். ஐயா ஒரு பழைய பிஸ்கட் தகரப்பேணியில் உலர்ந்த மணலைப் போட்டு, அதற்குள் பெட்டியை வைத்துத் தந்தார். வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், எரியும் பொருட்களுக்குத் தூரமாக வைக்கச் சொன்னார்.

அப்படியான பற்றரியை வளவில் குப்பையோடு போட்டுக் கொளுத்தக் கூடாது. சருகு கூட்டிக் கொளுத்துவது நம் ஊர்ப் பழக்கம். அதற்குள் பற்றரி போனால் வெடிக்கும். கிடங்கு வெட்டித் தாழ்க்கவும் கூடாது. நாம் குடிப்பது அதே நிலத்தின் தண்ணீரைத்தான். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் சேர வேண்டிய பொருள் இது.

வயது போனால்

அழுக்கும் இல்லை, வயரும் சரி, வீக்கமும் இல்லை. ஆனால் முழுதாக ஏற்றினாலும் அரை மணித்தியாலத்தில் அடங்குகிறது என்றால் அது முதுமை. இந்தப் பற்றரிகள் பொதுவாக 300 முதல் 500 தடவை முழுதாக ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவில் குறையத் தொடங்கும். நாள்தோறும் பாவித்தால் இரண்டு மூன்று வருடத்தில் அந்த நிலை வரும். துடைத்தாலும் மீளமைத்தாலும் அது திரும்பாது. இலிதியம் அயன் பற்றரி 1991இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய குடினஃப், விற்றிங்கம், யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய ஆக்கம் என்றாலும் அதற்கும் ஆயுள் உண்டு.

ஆயுளை நீட்டும் வழி சூட்டைத் தவிர்ப்பதுதான். 45 பாகை செல்சியசுக்கு மேல் இந்தப் பற்றரிகளை ஏற்றக் கூடாது. நல்ல பெட்டிகள் அந்தச் சூட்டில் தாமாகவே ஏற்றுவதை நிறுத்திவிடும். அதையும் பழுது என்று நினைக்கிறோம். சித்திரை வெயிலில் ஓட்டோவின் முன்பக்கத்திலோ, தகரக் கூரைக்குக் கீழேயோ வைத்தால் இந்த நிலை வரும். நிழலில் வைத்து ஆறவிட்டு ஏற்றுங்கள். பரீட்சைக்காலத்தில் பாவிக்காமல் வைப்பதென்றால், பாதியளவு ஏற்றி வையுங்கள். முழுக் காலியாகக் கிடத்த வேண்டாம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை "சார்ஜ் ஏறுதில்லை" என்று சொன்னால் திட்டுவதற்கு முன், வேறு வயரில் அரை மணித்தியாலம் போட்டுப் பாருங்கள். பஞ்சால் ஒரு தடவை துடையுங்கள். வாங்கும்போது பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் வெளியில் எவரிடமும் திறக்கக் கொடுக்க வேண்டாம். ஏற்றுவது மேசையிலோ சீமெந்துத் தரையிலோ இருக்கட்டும். மெத்தையும் தலையணையும் வேண்டாம். வீடு தூங்கும் நேரத்தில் ஏற்றாமல், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றி முடியுங்கள். "65 வாற்று சார்ஜரில் குத்தினால் எரிந்துவிடுமா?" என்று உம்மா கேட்டார். தரமான சார்ஜர் என்றால் எரியாது. கருவி கேட்கும் அளவைத்தான் அது கொடுக்கும். பயப்பட வேண்டியது, பெயரும் தரமும் இல்லாத மலிவு அடப்டர்களுக்குத்தான்.

சைக்கிள் டைனமோ

சார்ஜ் ஏறும்வரை காத்திருந்தபோது, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். சிரித்தார். 1990க்குப் பிறகு குடாநாட்டில் பல வருடங்கள் மின்சாரம் இருக்கவில்லை. தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் ரேடியோவைப் பாட வைப்பார்களாம். "சுத்திறவர் களைச்சால் செய்தியும் களைக்கும்" என்றார். "அப்ப எறிய ஒண்டும் இருக்கேல்லை, பிள்ளை. எது பழுதானாலும் வழியைத் தேடிக்கொண்டு போகத்தான் வேணும்."

வாப்பா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1990 ஒக்டோபரில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு எங்கள் குடும்பமும் இங்கிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த டைனமோக் காலத்தில் வாப்பா புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில் குப்பி விளக்கில் படித்த சிறுவன். "எங்களுக்கு அங்கை சைக்கிளும் இல்லை, ஐயா" என்றார். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஐயா தேத்தண்ணீருக்குச் சொல்லிவிட்டார்.

கூலி என்று 200 ரூபாய்தான் எடுத்தார். வாப்பா ஓட்டோவிலிருந்து ஒரு பை கத்தரிக்காய் எடுத்து வந்து மேசையில் வைத்தார். மாமி வீட்டிலிருந்து பழைய சார்ஜர் அன்று மாலையே திரும்பி வந்தது. சாச்சியின் மகள் இப்போது வயர் இயர்போன் பாவிக்கிறாள். அவளுடைய தகரப்பேணி, சேகரிப்பாளரிடம் போகும்வரை மதில் நிழலில் இருந்தது.

உம்மாவின் சீட்டுக் காசில் ஓடு மாற்றினோம். பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் மாரி மழை கொட்டியது. ஒழுக்குக்குக் கீழே சட்டி எதுவும் வைக்கப்படாத வீட்டில், இரண்டு காதுகளிலும் இயர்பட்டை வைத்துக்கொண்டு கடைசிப் பாடப் பதிவைக் கேட்டு முடித்தேன்.